வேலிப் பொட்டால் வரும் கீரி

யாழ்ப்பாணத்தில் கீரியைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. காடென்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பனங்கூடல், வடலிப் பற்றை, தோட்டம், வளவு, வேலி, ஒழுங்கை, கோயில் வீதி, குடாநாடு முழுக்க இவைதான். ஆனாலும் காலை வெயில் ஏறி மண் சூடாகத் தொடங்கிய பிறகு எந்த ஊர் ஒழுங்கையிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தரையோடு தரையாக ஓடி மறைவதைக் காணலாம். அது என்னவென்று நாம் யோசிப்பதற்குள் வால் மட்டும் வேலிக்குள் போய்க்கொண்டிருக்கும்.

நான் இருப்பது நீர்வேலியில். செம்மண் பூமி, வாழைத்தோட்டங்கள். எங்கள் வளவின் பின்பக்கத்தில் இன்னும் பழைய வேலிதான் இருக்கிறது. கிளுவையும் பூவரசும் கதியால்களாக நட்டு, பனையோலை வரிந்து கட்டிய வேலி. அதன் அடியில் ஒரு பொட்டு, அதாவது ஒரு சின்ன ஓட்டை. அந்தப் பொட்டால் ஒரு கீரி அநேகமாக எல்லாக் காலையும் வரும். வந்ததும் உடனே வளவுக்குள் இறங்காது. தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கும். பிறகு வேலியோரமாகவே ஓடிக் கிணற்றடி வாய்க்கால் வரை போகும். அங்கே ஈரமண்ணைக் கிளறத் தொடங்கினால் பக்கத்தில் ஆள் நடமாடினால்கூட லேசில் நகராது. முன்கால் நகங்களால் இரண்டு மூன்று தடவை விறுவிறென்று வறுகி, மூக்கைக் குழிக்குள் நுழைத்து, எதையோ இழுத்தெடுத்து நறுக்கென்று கடிக்கும். பெரும்பாலும் வண்டுப் புழு அல்லது பிள்ளைப்பூச்சி. சில நாட்களில் அரணை. ஒருநாள் எலிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக வளையிலிருந்து எடுத்துத் தின்றதைப் பார்த்தேன். வெங்காயம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சியின் அருமை தெரியும்.

கீரி என்றாலே நமக்குப் பாம்புதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் அன்றாடச் சாப்பாட்டில் பாம்புக்கு உள்ள இடம் சிறியது. எலி, பூச்சி, புழு, பல்லி, ஓணான், தவளை, முட்டை, விழுந்து கிடக்கும் பழம் என்று கிடைப்பதையெல்லாம் தின்னும் மிருகம் அது.

ஒஸ்லோவில் இருக்கும் மருமகன், அக்காவின் மகன், போன வருடம் ஒரு படம் அனுப்பியிருந்தான். "மாமா, இஞ்சையும் கீரி நிக்குது, பாருங்கோ" என்று. கற்குவியலின் மேல் முன்கால்களைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்ன மிருகம். நீண்ட உடம்பு, குட்டைக் கால், தட்டையான தலை. வயிறு வெள்ளை, வால் நுனி கறுப்பு. அது ஸ்டோட் (stoat) என்ற மிருகம், வீசல் (weasel) என்ற சின்ன வேட்டை மிருகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பனிகாலத்தில் உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான். வளைக்குள் புகுந்து எலியைப் பிடிக்கிற எவருக்கும் ஒடுங்கிய உடம்பும் குட்டைக் காலும் வேண்டும். அதனால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் உறவு என்று பார்த்தால் வெகு தூரம். இறைச்சி தின்னும் பாலூட்டிகளில் பூனைப் பக்கம் ஒன்று, நாய்ப் பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய கிளைகள் உண்டு. 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோனவை. வீசல் குடும்பம் நாய்ப் பக்கம். கீரிக் குடும்பம் பூனைப் பக்கம், கழுதைப்புலிக்கும் மரநாய்க்கும் நெருக்கம். இலங்கையில் உண்மையான வீசல் எதுவும் கிடையாது. அந்தக் குடும்பத்தில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது நீர்நாய் ஒன்றுதான். வீசல் மற்ற நாடுகளில் செய்கிற வேலையை இங்கே கீரி பார்க்கிறது.

ஒரு வேலைக்கு ஒன்றல்ல, நான்கு கீரி இனங்கள் இலங்கையில் உண்டு. குடாநாட்டில் நாம் தினமும் காண்பது சாம்பல் கீரி. வன்னிக் காட்டுச் சாலைகளில் போனால் செங்கீரி குறுக்கே ஓடும். அதன் வால் நுனி கறுப்பு, ஓடும்போது அந்த நுனியை மேலே வளைத்துப் பிடித்திருக்கும். பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். இவை இரண்டையும்விடப் பெரியது கழுத்தின் இருபக்கமும் கறுப்புப் பட்டை உள்ள கீரி. நான்காவது பழுப்புக் கீரி. இந்த நான்கும் தென்னிந்தியாவிலும் இருக்கின்றன, அதில் வியப்பில்லை. பாக்கு நீரிணை பல இடங்களில் 10 மீட்டர் ஆழங்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது நீரிணை என்று ஒன்று இல்லை, வெறும் தரைதான். இன்று மீன்பிடி வள்ளங்கள் ஓடுகிற இடத்தில் பாம்பும் எலியும் கீரியும் நடந்து திரிந்திருக்கும். பனி உருகிக் கடல் ஏறியபோதுதான் நாம் தீவானோம். எல்லாம் ஒன்றாகவே இந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டன. இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சாம்பல் கீரியின் உடம்பு 36 முதல் 45 சென்ரிமீட்டர், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். பெரிய ஆண் 1.7 கிலோ வரை வரும். தூரத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தாலும், கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு மயிரிலும் வெளிறிய வளையமும் கறுத்த வளையமும் மாறிமாறி இருக்கும். காய்ந்த சருகுக்கும் செத்தைக்கும் நடுவில் அது நின்றால் கண்ணுக்கு அகப்படாததற்கு அதுதான் காரணம். இன்னொன்று, அதன் கண்மணி கிடையாக நீண்டிருக்கும், ஆட்டின் கண்ணைப் போல. பூனைக்கு நெடுக்காக இருப்பது கீரிக்குக் குறுக்காக. வெட்டவெளியில் பகலில் வேட்டையாடுவதற்கும் மேலே பறக்கும் பருந்தைக் கவனிப்பதற்கும் அந்தக் கண் உதவுகிறது. சினைக்காலம் இரண்டு மாதம் அளவு. ஒரு ஈற்றில் 2 முதல் 4 குட்டி. வெளியே வரத் தொடங்கிய குட்டிகள் தாயை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அப்படி ஓடுவதை அரைவெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிய பாம்பொன்று வேலியோரம் போனதாக அயலில் ஒருவர் சத்தியம் பண்ணினார்.

கீரி வளவுக்குள் வந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது புலுனிக் குருவிகள்தான். ஏழெட்டுச் சேர்ந்து மாமரத்தின் தாழ்ந்த கொப்பில் வந்து குந்திக்கொண்டு கத்தும். அணில் வாலை உதறி உதறிச் சத்தம் போடும். காகம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அது கீரியின் வாலைக் கொத்தப் பார்க்கும். தரவையில் ஆட்காட்டிக் குருவி தரையில்தான் முட்டையிடும். கீரி அந்தப் பக்கம் தலைவைத்தால் சோடி இரண்டும் மேலே எழுந்து, கத்திக்கொண்டு அதன் தலைக்கு நேரே பாய்ந்து பாய்ந்து வரும். அத்தனை குருவியும் அணிலும் கீரியைத் தெரிந்துவைத்திருக்கின்றன. அது எங்கே வரும், எவ்வளவு தூரம் பாயும், மரத்தில் எந்த உயரத்துக்குமேல் ஏறாது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, பாம்புக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நாகம், புடையன், சுருட்டை, எண்ணெய் விரியன் எல்லாம் உண்டு. இதில் கீரிக்கும் நாகத்துக்கும் உள்ள பகை ஊரறிந்தது. இணையத்தில் சுற்றும் சண்டைக் காட்சிகளில் பல, மனிதர் கொண்டுவந்து விட்டவை. வளவில் இரண்டும் சந்தித்தால் பல சமயம் ஒன்றையொன்று பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். சண்டை பிடித்தால் கீரி மயிரையெல்லாம் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காகக் காட்டும். பாம்பு கொத்துவது அந்த மயிரில்தான் போய் முடியும். கொத்திக் கொத்திப் பாம்பு களைக்கும்வரை சுற்றிவரும். களைத்த நேரம் பார்த்துத் தலையைக் கவ்வும்.

அம்மம்மா சொல்வார், பாம்பு கடித்ததும் கீரி ஓடிப்போய் ஒரு பூண்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வரும் என்று. கீரிப்பூண்டு என்று ஒரு செடிக்கே பெயர் இருக்கிறது. உண்மையில் காப்பு கீரியின் தசையிலேயே இருக்கிறது. நாகத்தின் நஞ்சில் உள்ள முக்கியமான கூறொன்று, நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டளை போகாது, தசை செயலிழக்கும், மூச்சு நின்றுவிடும். 1992இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எகிப்தியக் கீரியின் தசையில் அந்த இடத்தை ஆராய்ந்தார்கள். அங்கே புரதத்தின் அமைப்பு கொஞ்சம் மாறியிருந்தது. மாறிய இடத்தில் சர்க்கரை மூலக்கூறு ஒன்று ஒட்டியிருந்தது. அதனால் நஞ்சுக்கு அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. பாம்புகளுக்குத் தங்கள் நஞ்சே தீங்கு செய்யாமல் இருப்பதற்கும் இதே மாதிரியான அமைப்புத்தான் காரணம்.

இதில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட செய்தி வேறொன்று. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வாழும் தேன்வளைக்கரடி என்றொரு மிருகம், வீசல் குடும்பத்தைச் சேர்ந்தது, நாகத்தையும் தின்னும். அதன் தசையிலும் அதே இடத்தில் மாற்றம் இருக்கிறது. ஆனால் கீரியில் உள்ள அதே மாற்றம் அல்ல, வேறொன்று. பலன் ஒன்று, வந்த வழி வேறு. பன்றியிலும் முள்ளெலியிலும்கூட அப்படி ஒன்று உண்டு. 4 கோடி ஆண்டு தூரத்தில் நிற்கும் இரண்டு குடும்பங்கள் உடம்பின் வெளிவடிவில் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்திலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. பாம்பு இருக்கும் ஊரில் பாம்பைத் தின்று பிழைக்கவேண்டும் என்றால் உடம்பு தன் வழியைத் தேடிக்கொள்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். கீரிக்கு உள்ள இந்தக் காப்பு மனிதருக்கு எந்தப் பூண்டாலும் வராது. பாம்பு கடித்தால் வேரும் இலையும் அரைத்துக்கொண்டிருக்காமல், ஒரு நிமிடமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அம்மம்மா சொன்ன கதைகளில் இந்த ஒன்றை மட்டும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இனி, தீவுகளின் கதை. இதை எழுதவேண்டும் என்றுதான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

1872இல் ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த வில்லியம் பான்கிராஃப்ட் எஸ்பியூட் என்பவர் எலித் தொல்லைக்காகக் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளைக் கப்பலில் வரவழைத்து விட்டார். நம்முடைய சாம்பல் கீரியைவிடச் சிறிய இனம். வட இந்தியப் பக்கம் இருப்பது, இலங்கையில் இல்லாதது. முதலில் எலி குறைந்தது என்று தோட்டக்காரர் கொண்டாடினார்கள். அந்தப் பேச்சு ஒவ்வொரு கரும்புத் தீவாகப் பரவியது. 1883இல் ஜமைக்காவிலிருந்து ஹவாய்க்குக் கீரி போனது. அதே ஆண்டு பிஜித் தீவுக்கும் போனது. பிஜிக்குக் கரும்பு வெட்ட இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு லியோனிடாஸ் என்ற முதல் கப்பல் போனது 1879இல், அதுவும் கல்கத்தாவிலிருந்துதான். நாலு வருட இடைவெளியில் ஆட்களையும் கீரியையும் ஒரே கரும்புக்காகக் கடல் கடத்தியிருக்கிறார்கள். யாரையும் கேட்டுச் செய்த காரியம் அல்ல.

எலி பெரும்பாலும் இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. எலியும் சீக்கிரமே நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டது, மரத்தில் ஏறியது. பகலில் தரையில் அகப்பட்டவை வேறு. தரையில் கூடு கட்டும் பறவைகள், அரணைகள், ஆமை முட்டைகள். அந்தத் தீவுகளில் பல பறவைகளுக்குத் தரையில் ஓடிவரும் வேட்டை மிருகம் என்றால் என்னவென்றே தெரியாது. ஹவாயின் நேநே என்ற வாத்தினம் தரையில் அடைகாப்பது, அது அழிவின் விளிம்புவரை போய்விட்டது. ஹவாய்த் தீவுகளுக்குள் கீரி குடியேறாத கவாய் என்ற தீவில்தான் இன்று நேநே நன்றாகப் பெருகியிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் அந்தச் சின்னக் கீரியும் இருக்கிறது. மருமகன் படமெடுத்து அனுப்பிய ஸ்டோட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. அது 1880களில் நியூசிலாந்தில் முயலை ஒழிக்கவென்று இங்கிலாந்திலிருந்து கொண்டுபோய் விடப்பட்டது. இன்று கிவிப் பறவையின் குஞ்சுகளுக்கு அதுதான் எமன். 2050க்குள் நாட்டிலிருந்தே அதை இல்லாமலாக்க அங்கே முயல்கிறார்கள்.

யப்பானின் அமாமி ஒஷிமா தீவில் நடந்தது இதைவிட வேதனை. அங்கே ஹபு என்றொரு விஷப்பாம்பு. கீரி பாம்பைத் தின்னும் என்று கேள்விப்பட்டு 1979இல் சுமார் 30 கீரிகளைக் காட்டில் விட்டார்கள். ஹபு இரவில் வெளியே வருவது. கீரி இரவில் படுத்துத் தூங்குவது. இரண்டும் சந்திக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கீரிக்கு அகப்பட்டது அந்தத் தீவிலும் பக்கத்துத் தீவொன்றிலும் மட்டுமே வாழும் கறுத்த, குட்டைக் காது முயல். 2000ஆம் ஆண்டளவில் கீரிகள் 10,000 வரை பெருகிவிட்டதாகக் கணித்தார்கள். பிறகு பொறி வைத்து, மோப்ப நாய் பழக்கி, அதற்கென்றே ஒரு குழுவை 2005இல் அமைத்து, மலை மலையாகத் தேடிப் பிடித்தார்கள். 2024 செப்ரெம்பரில்தான் தீவில் இனிக் கீரி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. முயல்கள் திரும்பப் பெருகிவிட்டன. கொண்டுவந்து விட ஒருநாள் போதுமாக இருந்தது. இல்லாமலாக்க ஒரு தலைமுறை போயிற்று. அந்த முயல்களுக்காக நான் சந்தோஷப்படுகிறேன். தாம் கேட்காத கடலைக் கடந்து, தாம் கேட்காத தீவில் பொறியில் செத்த அத்தனை கீரிகளையும் நினைத்தால் நெஞ்சு பிசைகிறது. இரண்டும் உண்மை.

தோக்கியோவுக்குத் தெற்கே கடலில் மியாகே என்ற எரிமலைத் தீவு. அங்கே எலிக்காக 1970களிலும் 80களிலும் விட்டது யப்பானின் சொந்த வீசலை. வெளிநாட்டு மிருகமல்ல, பெரிய தீவில் காலங்காலமாக வாழ்வதுதான். ஆனால் மியாகேயில் பாம்பும் இல்லை, வீசலும் இருந்ததில்லை. அதனால் அங்கிருந்த அரணைகள் பயமறியாமல் வெயிலில் கும்பலாகக் கிடக்கும். வீசல் வந்து சில ஆண்டுகளில் அரணையைக் காண்பதே அரிதாயிற்று. தரைக்குக் கிட்டக் கூடு கட்டும் ஒருவகைக் குருவியும் குறைந்துபோனது. சொந்த நாட்டு மிருகமாக இருந்தாலும் சரி, அந்தத் தீவுக்கு அது அந்நியம்.

இதற்கு நேர் எதிராக அயர்லாந்து. அங்கே ஸ்டோட் எந்தக் காலத்திலோ வந்து தங்கி, தனித் துணையினமாகிவிட்டது. சட்டமே அதைப் பாதுகாக்கிறது. நியூசிலாந்தில் பொறி, அயர்லாந்தில் பாதுகாப்பு. மிருகம் ஒன்றுதான், பல்லும் நகமும் ஒன்றுதான். நம் சாம்பல் கீரியின் நிலை அயர்லாந்து ஸ்டோட்டின் நிலை. இலங்கையில் உள்ளதை 1915இலேயே தனித் துணையினமாகப் பிரித்து லங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாக்கு நீரிணை தரையாக இருந்தபோது கீரி தனியாக நடந்து வரவில்லை. அதைக் கண்டு கத்தத் தெரிந்த புலுனியும், மேலே பாயத் தெரிந்த ஆட்காட்டியும், படமெடுத்துச் சீறத் தெரிந்த நாகமும் இந்த நிலத்தில் அதோடு சேர்ந்து வளர்ந்தவை. எங்கள் வளவில் காலையில் நடக்கும் அந்தக் கூச்சல் எல்லாம் அவ்வளவு பழையது. அந்தக் கூச்சல் இல்லாத தீவில் கீரியை விட்டால் என்ன நடக்கும் என்பதை ஜமைக்காவும் அமாமியும் காட்டிவிட்டன.

ஊரில் கீரியின்மேல் உள்ள குற்றச்சாட்டு கோழிதான். அதில் பாதி பொய்வழக்கு. இரவு கூட்டுக்குள் புகுந்து கழுத்தைக் கடித்துவிட்டுப் போவது கீரி அல்ல, அது அந்நேரம் வளைக்குள் தூங்கும். இரவில் வருவது மரநாய். பனையில் ஏறி முட்டியில் கள்ளுக் குடிப்பதும் அதுதான். கூட்டின் மேல்பக்கத்தால், ஓட்டுக்கிடையால் நுழைந்திருந்தால் பெரும்பாலும் மரநாய் என்று முடிவு கட்டலாம். கீரி பிடிப்பது பகலில் மேயும் குஞ்சுகளை, முட்டைகளை. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். குஞ்சு பொரித்த கோழியைச் சில கிழமை வலைக்கூட்டுக்குள் விட்டுவைத்தால் அந்தப் பிரச்சினை அநேகமாக முடிந்துவிடும். பொறி வைத்துக் கீரியைக் கொன்ற வளவில் அடுத்த போகத்துக்குள் எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பும் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. கீரியும் விசர்நாய்க்கடி நோயைக் காவக்கூடியது, இலங்கையில் அது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. குட்டி அழகாக இருக்கிறதென்று பிடித்து வளர்க்கப் போகாதீர்கள். பயமில்லாமல் ஆளைத் தேடி வரும் கீரியை விட்டு விலகி நில்லுங்கள். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் ஊரும் வெறுமையானது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது வளவு பற்றை மூடிக் கிடந்தது. கிணற்றடியில் மனிதக் காலடி இல்லை, கீரிக் காலடிதான் நெருக்கமாகக் கிடந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிப் 20 வருடங்களுக்கு மேல் காத்திருந்து காணிக்குத் திரும்பியவர்களும் இதையேதான் சொன்னார்கள். வீட்டுக்குள் ஆலமரம், முற்றத்தில் புற்று, புற்றடியில் பாம்பு, அதைச் சுற்றிக் கீரி. ஊரை யாரும் பார்க்காத காலத்திலும் இவை தங்கள் பாட்டில் வாழ்ந்திருக்கின்றன. காணி துப்புரவாக்கப் போன ஒருவர் சொன்னார், அண்ணை, நாங்கள் இல்லாத காலத்தில வளவைப் பார்த்தது உவைதான் எண்டு. அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவேயில்லை.

யுத்தம் செய்யாததை இப்போது மதில் செய்கிறது. வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் விழுவது வேலி. கதியாலைப் பிடுங்கி, அத்திவாரம் வெட்டி, ஆளுயரத்துக்குக் கல் அடுக்கி விடுகிறார்கள். பனையோலை அடைக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டாது, வருடாவருடம் மாற்றவேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும், மதில் கட்டுபவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்கையின் இருபக்கமும் மதிலானால் கீரிக்குப் போக வேறு வழி இல்லை, தார் வீதிதான். மோட்டார் சைக்கிளிலும் வானிலும் அடிபட்டுக் கிடக்கும் கீரிகளை முன்னெல்லாம் இவ்வளவு கண்டதில்லை. இன்னொன்று எலி மருந்து. இப்போது கடைகளில் கிடைக்கும் பல மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை, இரத்தம் உறையாமல் செய்து சில நாளில் கொல்லும். அந்தச் சில நாளில் தள்ளாடித் திரியும் எலியைக் கீரி லேசாகப் பிடித்துவிடும். மருந்து அதன் உடம்புக்குள்ளும் போய்ச் சேரும். எலி பிடிக்கிற மிருகத்தை எலி மருந்தாலேயே கொல்கிறோம். தோட்டத்தில் மருந்துக்குப் பதிலாக எலிப்பொறி வைக்கச் சொல்லி நான் கேட்காத ஆளில்லை. சிலர் கேட்டுமிருக்கிறார்கள்.

மதில் கட்டத்தான் வேண்டும் என்றால், அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விடுங்கள். பழைய பொட்டு இருந்த இடத்திலேயே விட்டால் இன்னும் நல்லது, கீரி வழமையான பாதையை லேசில் மாற்றாது. பெரிய நாய் புகாது, கள்ளனும் புகமாட்டான். எங்கள் ஒழுங்கையில் போன வருடம் மதில் கட்டிய வீட்டில், மாரி வெள்ளம் வடிய அடியில் இரண்டு பிளாஸ்ரிக் குழாய் பதித்திருந்தார்கள். பக்கத்து வேலி விழுந்த கிழமையே கீரி அந்தக் குழாயால் வரப் பழகிவிட்டது. வீட்டுக்கார அம்மா கம்பிவலை வாங்கி வைத்திருந்தார், குழாயை அடைக்கவென்று. நான் போய், "தங்கச்சி, அந்த வலையைக் கோழிக்கூட்டுக்கு அடியுங்கோ, குழாயை விடுங்கோ" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளம் ஓடவும் வலை இடைஞ்சல்தானே அண்ணை" என்றுவிட்டு வலையைக் கூட்டுப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் நானும் மகனும் போய் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.